படித்தரமும் சம்பளமும்

ஒரு பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பாடம் சொல்லுகிறார்; ஆய்வுக் கூடத்து உதவியாளர் கருவிகளை ஒழுங்கு செய்கிறார்; எழுத்தர் மாணவர் பதிவேட்டைக் காக்கிறார்; தொழிலாளி கூடத்தைத் துப்புரவு செய்கிறார். இவர்களுள் எவர் கை ஓய்ந்தாலும் கல்வி நடைபெறாது. ஆயினும் ஒருவர் மேற்படியிலும் மற்றொருவர் கீழ்ப்படியிலும் வைக்கப்படுகின்றனர். சம்பளம் நூற்றுக்கு எத்தனை உயர்ந்தது என்றே நாம் வினவுகிறோம். அதற்கு முன் வினவ வேண்டியது வேறொன்று: அப்படிகளை வகுத்தவர் யார்? எதனை அளவுகோலாகக் கொண்டு வகுத்தார்?

மலாயா நாட்டில் முதல் அளவுகோல் பிறப்பேயாகும். 1904-ம் ஆண்டு முதல், தாய் தந்தை இருவழியிலும் ஐரோப்பியராய்ப் பிறந்தாரன்றிப் பிறர் மலாயா சிவில் உத்தியோகத் தேர்வில் புகுதல் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தோன்றியது. அதற்கு டான் ஜியாக் கிம் முதலிய வணிகர்கள் 87,077 வெள்ளி திரட்டி உதவினர். 1916-ல் பிரிட்டிஷ் மருத்துவ மன்றம் அப்பள்ளியின் பட்டத்தை ஏற்றுக்கொண்டது. அப்பட்டம் பெற்றவர் பிரிட்டிஷ் ஆட்சி பரவிய நாடுகளில் மருத்துவம் செய்யலாம். ஆனால் தம் நாட்டு அரசாங்க மருத்துவமனையிலோ அவர் “உதவி” மருத்துவரே. ஐரோப்பிய மருத்துவர்க்குக் கீழ்ப்பட்டு, அவரினும் குறைந்த சம்பளத்தில் உழைத்தார். நோயும் மருந்தும் ஒன்றாயிருந்தும் சம்பளம் இரண்டாயிருந்தது. 1932-ல் நீரிணைக் குடியேற்ற மருத்துவச் சேவை அமைந்த பின்னரே ஆசியருக்கு உயர்பதவியின் கதவு சிறிது திறந்தது.

போருக்குப் பின் காற்று மாறிற்று. 1947-ல் சர் ஹாரி டிரஸ்டெட் தலைமையில் அமைந்த சம்பளக் குழு, ஒரே வேலைக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்றே என்றது. கடல் கடந்து வந்தவர்க்குத் தனிப்படி கொடுக்கலாம் என்றும் கூறிற்று. உத்தியோகங்கள் நான்கு பிரிவுகளாயின. ஆயினும் பெண்ணுக்கு ஆணினும் குறைந்த சம்பளம் என்னும் கொடுமை நீடித்தது. அரசாங்க உத்தியோகத்தில் சம ஊதியக் கொள்கையைச் சிங்கப்பூர் 1962-லும் மலேசியா 1969-லுமே ஏற்றன. இவற்றுக்கு முன்பே, 1949 அக்டோபர் 8-ந் தேதி, அம்மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1962-ல் அது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலுமாக இரு பல்கலைக் கழகங்களாயிற்று.

அதன்பின் மலேசியாவில் அளவுகோல் சான்றிதழாயிற்று. சபியான் குழு 1967-ல் அறிக்கை தந்தது. பின் 1976-ம் ஆண்டின் அமைச்சரவைக் குழு ஏ, பி, சி, டி எனத் தொகுதிகளை வகுத்தது. பட்டம் பெற்றவர் முதல் தொகுதி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் கடைத் தொகுதி. அரசாங்கப் பல்கலைக் கழகத்தாரும் இவ்வேணியைச் சார்ந்தே சம்பளம் பெற்றனர். பிறப்பினும் படிப்பு நல்ல அளவுகோலே. ஆனால் இருபதாம் வயதில் பெற்ற தாள் ஐம்பதாம் வயதுவரை ஒருவர் உழைப்பை அளந்துகொண்டேயிருப்பது நீதியாகுமா?

1992-ல் வந்த புதிய சம்பள முறை, திறமையே அளவுகோல் என்றது. மேலதிகாரியின் மதிப்பீட்டுக்கேற்ப ஊழியரின் சம்பளம் அட்டவணையில் நின்ற இடத்தில் நிற்கும், அல்லது நகரும், அல்லது ஏறும். ஊழியர்கள் மனக்கசப்புற்றனர். 2002-ல் தகுதித் தேர்வு வந்தது. 2011-ல் அதுவும் கைவிடப்பட்டது. 2012-ல் புகுந்த மற்றொரு திட்டம், மேல்தட்டினர்க்கே பெரும்பயன் என்ற எதிர்ப்பினால் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. அளவுகோல் தமக்குப் புரியாதபோது ஊழியர் அதனை நம்புவதில்லை என்பதற்கு இது சான்று.

2024 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய திட்டம், பெரும்பாலான ஊழியர்க்கு முதற்கட்டமாக 8 நூற்றுவீதமும், 2026 ஜனவரியில் 7 நூற்றுவீதமும் உயர்வு தந்தது. உச்ச அதிகாரிகளுக்கு 4-ம் 3-ம் மட்டுமே. இக்குறைப்பில் நியாயம் உண்டு. கணக்கைப் பாருங்கள்: 8 நூற்றுவீதம் என்பது 2,000 வெள்ளி வாங்குபவர்க்கு 160 வெள்ளி, 10,000 வெள்ளி வாங்குபவர்க்கு 800 வெள்ளி. விகிதம் ஒன்றானாலும் இடைவெளி விரிகிறது. அரிசியின் விலையோ இருவர்க்கும் ஒன்றே.

இனி, ஏணியின் அடிப்படிக்கும் கீழே நிற்பவரைக் காண்போம். துப்புரவுத் தொழிலும் காவல் தொழிலும் குத்தகைக்காரர் கைக்கு மாறிய இடங்களில் அத்தொழிலாளர் எந்தப் படித்தரத்திலும் இல்லை. நம் இனத்துப் பெண்மணிகள் பலர் இவ்வேலையில் இருக்கின்றனர். மேற்சொன்ன திட்டத்தில் அரசாங்க ஊழியரின் தொடக்க வருமானம், நிலையான படிகள் உட்பட, குறைந்தது 2,000 வெள்ளியாயிற்று. குத்தகைத் தொழிலாளிக்கோ 2025-ல் சட்டம் உறுதி செய்த குறைந்த சம்பளம் 1,700 வெள்ளி. இருவரும் ஒரே கட்டடத்தில் உழைக்கலாம்; எனினும் குழுக்கள் கூடி உயர்வு வழங்கும்போது ஒருவர் பெயர் அங்கே இராது. செக்ரோலில் பெயர் ஏறாதவனுக்குக் கூலியில்லை என்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் அறிவோம். அச்செக்ரோலை நாள்தோறும் எழுதும் கிராணியாகிய யானும் அறிவேன்.

பிறப்பு என்னும் அளவுகோல் தானே முறியவில்லை. கேட்டவர்கள் கேட்டதனால் முறிந்தது. பெண்ணுக்குக் குறைசம்பளம் என்பதும் அவ்வாறே ஒழிந்தது. ஆதலின் நம் சங்கங்கள் அடுத்த உயர்வு எவ்வளவு என்று கேட்பதோடு அமையாது, குத்தகைத் தொழிலாளியின் பெயரையும் படித்தரத்தில் ஏற்றுக என்று கேட்கக் கடமைப்பட்டுள்ளன.