தக்களியிலிருந்து தையல் மிஷின் வரை

அக்கா தங்கச்சிமார்களே, வெம்பக்கோட்டை நமக்கு எட்டின தூரம்தான். 2022 மார்ச்சில் அங்கே வைப்பாற்றங்கரை மேட்டில் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. கிடைத்த பொருள்களை விஜயகரிசல்குளத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். சங்கு வளையல், பாசிமணியோடு சுடுமண் தக்களியும் உண்டு. நடுவில் ஓட்டை போட்ட சின்ன வட்டு அது. குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு நூலாகும். கீழடியில் தக்களியோடு செம்பு ஊசியும் கிடைத்தது.

அந்தக் காலத்தில் நூற்றது யார்? ஆண்துணை இல்லாத பெண்கள் பாடுபட்டு நூற்ற மெல்லிய நூலைப் பற்றி நற்றிணையில் வருகிறது. கைத்தொழில் இருந்ததால் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது.

இன்னொரு கதை நாகர்கோவிலில் நடந்தது. 1819-இல் அங்கே வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். கருவி என்ன பெரிய கருவி? ஒரு திண்டு, குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்கட்டைகள். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்து, அந்தப் பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். 1844-இல் கால்டுவெல்லை மணந்த மால்ட் அம்மையாரின் மகள் எலிசா, அந்த வேலையை இடையன்குடிக்கும் கொண்டுபோனார்.

பிறகு மிஷின் வந்தது. ஊசி மலிவு, மிஷின் விலையோ அதிகம். அதனால் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி 1850-களிலேயே தவணைக்கு விற்றது. இன்று நாம் குழுக்கடனில் வாங்கி மாதாமாதம் அடைப்பதும் அதே வழிதான். ஆனால் இங்கே ஜாமீன் பொருள் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரின் வாக்குதான்.

சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. தளவாய்புரம் நைட்டி ஊர் ஊராகப் போகிறது. அதில் உழைத்த பெண்ணின் பெயர் எந்தத் துணியிலும் இல்லை. வெம்பக்கோட்டைத் தக்களியைச் சுழற்றியவள் பெயரும் நமக்குத் தெரியாமலே போச்சு.

நம் காலத்துப் பெயர்களாவது போகாமல் இருக்கட்டும். பரணில் கிடக்கும் பழைய மிஷின், பாட்டி வைத்திருந்த தக்களி, துருப்பிடித்த கத்தரி எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார் வாங்கியது, எந்த வருஷம், அந்த வருமானத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். குழுவின் தீர்மான நோட்டிலும் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள். கடன் கணக்கை எழுதுகிற அதே கையால் இதையும் எழுதலாம்.