கண்டி மேளமும் முப்புரிக் கொலாஜனும்

கண்டியில் செய்தியாளனாக இருந்த நாட்களில் எசல பெரஹராவைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். யானைகளைவிட என்னை ஈர்த்தவை கண்டிய மேளங்களே. நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் அடிக்கும் தப்பும் தோற்கருவிதான். அடிக்குமுன் அதை நெருப்பில் காட்டுவார்கள். ஈரம் உலர்ந்து தோல் இறுகும். சூடு அளவு மீறினாலோ தோல் சுருங்கிக் கெட்டுவிடும். தோலை இழுத்துப் பிடித்திருப்பதும் சூட்டில் குலைவதும் கொலாஜன் என்னும் ஒரே புரதம்தான். எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுத் தருவதும் அதுவே.

அதன் வடிவம் என்ன என்ற புதிரை அவிழ்ப்பதில் முன்னோடியாக நின்ற ஊர் நமக்கு அயலிலுள்ள சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராக வந்த ஜி.என். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதுதான். அங்கு வந்த ஆங்கில அறிஞர் பேர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொன்னது அவரைத் தூண்டிற்று. அண்மையில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று இழைகள் கொண்ட அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மறு ஆண்டு அம்மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் செல்லும் முப்புரியாக அது திருந்தியது. இழையில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். புரிகளின் நடுவே வேறெதற்கும் இடமில்லை, அது ஒன்றே அத்தனை சிறியது.

கேம்பிரிட்ஜின் ரிச், கிரிக் இருவரும் 1955இல் அதையொத்த வடிவத்தை வெளியிட்டு, சென்னை மாதிரியில் அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். மூன்று அமினோ அமிலங்களுக்கு ஐதரசன் பிணைப்பு இரண்டல்ல, ஒன்றே என்ற அவர்கள் கணக்குத்தான் இன்று ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் முப்புரியை முதலில் சொன்ன பெருமை சென்னைக்கே உரியது என்பது என் துணிபு. அந்தக் குறைகூறலே அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று இராமச்சந்திரனைக் கணக்கிட வைத்தது. 1963இல் வெளியான, இன்றும் புரத ஆய்வாளர் கைவிடாத ‘இராமச்சந்திரன் வரைபடம்’ அதன் விளைவு.

வடிவம் தெரிந்தபின்னும் அதை உடலுக்கு வெளியே செய்வது எளிதாக இல்லை. புரிகளில் உள்ள புரோலின்களில் பலவற்றின் மீது ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு தொகுதி ஒன்று ஏற வேண்டும். இதைச் செய்யும் நொதியத்துக்கு விற்றமின் சி தேவை. அது கிடைக்காத கடலோடிகளுக்கு ஈறு அழுகியதும், ஆறிய புண் மீண்டும் திறந்ததும் இதனால்தான். தொகுதி ஏறாத முப்புரி ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் அவிழ்ந்துவிடும். குளிர்ந்த ஊர் என்று நாம் பெருமை பேசும் கண்டியின் ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ அவ்வளவே; நண்பகல் வெயிலை அது தாங்காது.

மாட்டிலிருந்து எடுத்தால் என்ன? எடுத்தார்கள். 1981இல் அமெரிக்கா அதை முகச்சுருக்கத்துக்கு ஊசியாக ஏற்ற அனுமதித்தது. பிரித்தானியாவில் மாட்டுப் பித்துநோய் மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று 1996இல் அரசே ஒப்புக்கொண்டபின் அச்சம் பிறந்தது. பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கூடி வாழும் கண்டியில் மாத்திரைக் கூட்டின் ஜெலற்றின் மாடா பன்றியா என்று கேட்போர் எப்போதும் உண்டு. அவிழ்ந்த கொலாஜன்தான் ஜெலற்றின்.

விடை மதுவத்தில் கிடைத்தது. நம் கித்துள் கள்ளைப் புளிக்க வைப்பதன் தூரத்து உறவான பிக்கியா என்னும் மதுவம் மெதனோலைத் தின்று வாழும். கசிப்பில் கலந்தால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் அதே மெதனோல்தான். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் கிவிரிக்கோவின் குழுவினர் மனிதக் கொலாஜன் மூன்றாம் வகையின் பரம்பரையலகையும், மதுவத்தில் இல்லாத அந்த நொதியத்தின் பரம்பரையலகுகளையும் அதனுள் ஒன்றாகப் புகுத்தினர். 1997இல் வெளியான முடிவு வியப்பூட்டியது: நொதியம் இன்றிக் கொலாஜன் நிலைக்கவில்லை, கொலாஜன் இன்றி நொதியமும் சரியாகத் திரளவில்லை. இரண்டும் கூடியபோது உடல் வெப்பத்தையும் தாங்கும் முப்புரி உருவாயிற்று.

மடியும் முறை சடை பின்னுவதை ஒத்தது. மூன்று இழைகளும் முதலில் ஒரு முனையில் முடிச்சிட்டுக்கொள்ளும். பின் அங்கிருந்து மறுமுனை நோக்கி முறுக்கு ஏறும். புரோலின்கள் சரியான பக்கம் திரும்பக் காத்திருப்பதால் மெல்லவே ஏறும். விலங்குக் கலத்தில் இதற்குத் துணை நிற்கும் காவற்புரதம் ஒன்று உண்டு. மதுவத்தில் அதுவும் இல்லை. இருந்தும் பின்னல் நடந்தது.

இன்று ‘மனிதக் கொலாஜன்’ என்ற பெயரில் அழகுப் பொருட்கள் குவிகின்றன. அவற்றில் பல புரதத்தின் சிறு துண்டுகளே, முப்புரியாக மடியாதவை. வாங்குவோர் கேட்க வேண்டியது எந்த உயிரினத்தில் செய்தீர்கள் என்பதை மட்டும் அல்ல, அது மடிந்திருக்கிறதா என்பதையும்தான்.