காப்பிப் பானையின் சரித்திரம்

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் சேதி சொல்லும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு என் தங்கை மகன் ஒரு நாள் வந்து நின்றான். தீப்பெட்டி அளவில் ஒரு மின்பலகை. அதிலிருந்து நாலைந்து கம்பிகள். கம்பியின் மறுமுனையில் ஒரு மிதவை. தொட்டி நிறைந்ததும் மிதவை உயரும். உடனே இணையத்தின் வழியாகக் கைப்பேசிக்குச் செய்தி வரும். கடையில் சில நூறு ரூபாய்க்குள் சாமான்கள் கிடைத்துவிட்டனவாம்.

மறுநாள் காலையில் கைப்பேசி "தொட்டி நிரம்பிவிட்டது" என்று மங்களம் பாடியது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பையனின் முகம் தொட்டியைவிட வறண்டு போயிற்று.

"எனக்கு இதெல்லாம் வராது, மாமா! பெரிய விஞ்ஞானிகள் செய்கிற வேலை" என்றான்.

அவனுக்கு அன்று சொன்ன கதையைத்தான் நேயர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

மகத்தான காரியங்களெல்லாம் மகத்தான நோக்கத்தோடு பிறந்தவை என்று எண்ணுவது நம்முடைய வழக்கம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினித் துறையாருக்கென்று ஒரு கோகோ-கோலா இயந்திரம் இருந்தது. துறை வளர வளர, பலருடைய அறைகள் இயந்திரத்திலிருந்து வெகுதூரம் விலகிப் போய்விட்டன. அவ்வளவு தூரம் நடந்து போனால் ஒன்று, புட்டி தீர்ந்திருக்கும். அல்லது அப்போதுதான் அடுக்கியதாய் வெதுவெதுவென்று இருக்கும். இந்த ஏமாற்றத்தைச் சகிக்காத டேவிட் நிக்கல்ஸ், மைக் கஸார், ஐவர் டர்ஹாம், ஜான் ஸார்னே ஆகியோர் 1982-ஆம் ஆண்டு வாக்கில் அந்த இயந்திரத்தைத் துறையின் கணினியோடு பிணைத்துவிட்டார்கள். எந்த வரிசையில் புட்டி இருக்கிறது, அது உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கணினி கணக்கு வைத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் "குளிர்ந்தது" என்று எழுதிக் காட்டும். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் சேர்ந்திருந்த எந்தக் கணினியிலிருந்தும் இதை விசாரிக்கலாம். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவனுக்குப் பிட்ஸ்பர்க்கில் கோலா ஜில்லென்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனாலும் விசாரிக்கலாம்!

அடுத்தது ஒரு வேடிக்கைப் பந்தயம். 1989-இல் இன்டராப் என்னும் கண்காட்சியை நடத்திய டான் லிஞ்ச், ஜான் ராம்க்கி என்பவரிடம், "ரொட்டி வாட்டும் டோஸ்டரை வலையில் இணைத்துக் காட்டும், அடுத்த வருஷக் கண்காட்சியில் உமக்குத்தான் முதல் மரியாதை" என்ற பொருளில் வாக்களித்தார். ராம்க்கி ஸைமன் ஹாக்கெட்டோடு சேர்ந்து 1990-இல் அதைச் செய்தே காட்டிவிட்டார். கணினியிலிருந்து மின்சாரத்தை எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவுக்கு ரொட்டி சிவக்கும். ஆனால் ரொட்டியை உள்ளே போட மனிதனின் கை வேண்டியிருந்தது. அதற்கும் ஓர் இயந்திரக் கை வந்து சேர மறுவருஷம் ஆயிற்று.

காப்பிப் பிரியர்களான நம் வாசகர்கள் நெஞ்சைத் தொடும் கதை இனிமேல்தான் வருகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வுக்கூடத்தில் 'டிரோஜன் அறை' என்று ஓர் அறை. ஒரு பிரிவு ஆராய்ச்சியாளர் அத்தனை பேருக்கும் அந்த அறைக்கு வெளியே இருந்த ஒரே ஒரு காப்பி இயந்திரந்தான் கதி. பல மாடிப்படி ஏறி இறங்கி வந்து காலிப் பானையைத் தரிசிப்பது சிலருக்கு நித்தியத் துன்பமாயிற்று. 1991-இல் குவெண்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேஸரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு காமிராவைப் பானையை நோக்கி நிறுத்தினார்கள். படமெடுத்து அனுப்பும் நிரலை ஒருவர் எழுதினார்; வாங்கிக் காட்டும் நிரலை மற்றவர் எழுதினார். ஏறக்குறைய ஒரு நாள் வேலை. நிமிஷத்துக்கு மூன்று படம். ஒவ்வொன்றும் 128-க்கு 128 புள்ளிகள். அதிலும் வர்ணம் கிடையாது. பானையில் காப்பி உண்டா இல்லையா என்று அறிய அது போதாதா?

1993 நவம்பரில் டேனியல் கார்டன், மார்ட்டின் ஜான்ஸன் என்ற இருவர் அந்தப் படத்தை உலகளாவிய வலையில் ஏற்றிவிட்டார்கள். இலட்சக்கணக்கானவர்கள் வந்து பார்த்தார்கள். இரவில் பானை தெரியும்படி விளக்கை அணைக்காமல் விடக்கூடாதா என்று ஜப்பானிலிருந்து கடிதம் வந்ததாம்! ஆய்வுக்கூடம் வேறு கட்டிடத்துக்குக் குடிபோனபோது, 2001 ஆகஸ்டு 22-ஆம் தேதி காமிராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் தெரிந்தவை விசையை அணைக்கும் விரல்கள். பழுதான அந்த இயந்திரத்தை ஜெர்மனியின் 'ஷ்பீகல்' பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுனுக்கு ஏலத்தில் எடுத்தது. பிற்பாடு பாடர்போர்ன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்தில் அது காட்சிக்குப் போயிற்று.

கதையைக் கேட்ட பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மாடிக்கு ஓடினான். மிதவை தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்ததாம். நகர்த்திக் கட்டிவிட்டு வந்தான். அன்று முதல் கருவி சத்தியமே பேசுகிறது.

எனக்கோ வேறொரு எண்ணம். அந்த முதல் காமிரா பானையைப் பார்த்தது, மனிதனைப் பார்க்கவில்லை. இன்று வாசலிலும் கூடத்திலும் இருக்கும் காமிராக்கள் பார்ப்பது நம்மையே. கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவன் வரை, கருவி செய்கிற ஒவ்வொருவனும் அதன் கண்ணை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று ஒரு கணம் யோசித்தால் நல்லது.

இன்னொன்றும் உண்டு. பானை காலி என்று காமிரா சொல்லும். காப்பி போட்டு வைக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தொட்டியைப் பற்றிச் சேதி வந்துவிடுகிறது. மோட்டாரை நிறுத்த இன்னும் என் தங்கைதான் எழுந்து போகிறாள்.