மேவ் அரசியின் கல்மேடு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஸ்லைகோ நகரத்தின் பல தெருக்களிலிருந்து நாக்நரே மலை கண்ணில் படும். உயரம் 327 மீட்டர்தான், குன்று என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்ததும் அதன் உச்சியில் இருக்கிற கல்மேட்டைத்தான் முதலில் தேடுவேன். அது தெரிந்தால் அன்றைக்கு மழை இல்லை.

போன ஞாயிறு மறுபடி ஏறினேன். பாதை முழுக்கச் சுண்ணாம்புக் கல். நனைந்தால் பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி வழுக்கும். மூச்சு வாங்கக் குனிந்தபோது ஒரு கல்லில் பவளத்தின் வரிகள் தெரிந்தன. 30 கோடி வருஷத்துக்கும் முன்னால் இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது.

உச்சியில் அந்த மேடு. சுமார் 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். இரும்பும் வண்டியும் இல்லாத காலத்தில், ஏறத்தாழ 5,000 வருஷத்துக்கு முன், கையாலும் தோளாலும் சுமந்து குவித்த கற்கள். நம் பழந்தமிழில் இதற்குப் பதுக்கை என்று சொல் உண்டு. கானாட் நாட்டு அரசி மேவை, பகைநாடான அல்ஸ்டரைப் பார்த்தபடி நின்ற வாக்கில் புதைத்தார்கள் என்று ஊரில் கதை. கதை நடந்ததாகச் சொல்லும் காலத்தைவிட மூவாயிரம் வருஷம் மூத்தது மேடு.

என்னை உலுக்கியது அரசி கதை இல்லை. இதே மலையின் ஒரு குகையில் 2013-இல் மனித எலும்புகள் கிடைத்தன. தொல்லியலாளர் மேரியன் டவ்ட் ஆராய்ந்தார். ஒரு பெரியவர், ஒரு குழந்தை. இருவருக்கும் நடுவே சில நூறு வருஷம். கிடைத்தவை எல்லாம் பாதத்து எலும்பு போன்ற பொடி எலும்புகள். உடலைக் குகையில் கிடத்தி, சதை கழிந்ததும் பெரிய எலும்புகளைப் பொறுக்கி வேறிடம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நம் பக்கத் தாழிகள் பலவற்றிலும் இப்படிப் பொறுக்கி வைத்த எலும்புகள்தானே! பாதத்து எலும்பு எவ்வளவு சின்னது என்று செவிலியான எனக்குத் தெரியும். இருட்டில், விரல் நுனியால் தேடியவர்களுக்கு அவை தப்பிப்போயிருக்கின்றன. தேடியது தாயாகக்கூட இருக்கலாம்.

மேட்டை இதுவரை யாரும் முறையாக அகழ்ந்ததில்லை. உள்ளே அறை இருக்கும் என்று நம்புகிறார்கள். என் மனசுக்கு அது மூடியே இருக்கட்டும். முன்பெல்லாம் அடிவாரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துப்போய் மேட்டில் வைப்பது வழக்கமாம். இப்போது அதன்மேலேயே ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு காலடிக்கும் கல் சரிகிறது. ஏறாதீர்கள் என்று பலகை வைத்தும் ஏறுகிறார்கள்.

ஸ்லைகோ பக்கம் வந்தால் மலையில் ஏறுங்கள். மேட்டைச் சுற்றி வாருங்கள். மேலே மட்டும் கால் வைக்காதீர்கள். அது ஒருவருடைய சமாதி.