சிறையிலே திரண்ட தோள்கள்

தோள் திரண்ட வாலிபன் ஒருவன் கடைத்தெருவால் நடந்து சென்றால், "சாண்டோ போகிறான் பார்" என்று சொல்லும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. சாண்டோ என்பது ஒரு மனிதனின் பெயர் என்பதைச் சொன்னவரும் நினைத்ததில்லை, கேட்டவரும் நினைத்ததில்லை. 1867ஆம் ஆண்டிலே பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்த யூஜின் சாண்டோ என்பவரே அந்த மனிதர். சங்கிலி அறுத்தும் பாரம் தூக்கியும் பிழைத்த பயில்வான்கள் அவருக்கு முன்னரும் இருந்தனர். ஆனால், தூக்கும் பாரத்தை மட்டுமன்றித் தூக்குபவனின் உடலையும் ஒரு சிற்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் அவரே. 1901 செப்டெம்பர் 14ஆந் தேதி இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிதான் இத்துறையின் முதற் பெரும் போட்டி. ஷேர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில் அதில் நடுவர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார். 1904, 1905ஆம் ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவெங்கும் சுற்றிக் காட்சிகள் நடத்தினார். அவர் போய்விட்டார், பெயர் மாத்திரம் நம் மொழிகளிலே தங்கிவிட்டது.

இந்தப் பழங்கதையை இம்மலரில் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எமது சங்கத்துக்குப் பாரந்தூக்கும் கம்பியும் தட்டுகளும் வாங்குவதா, அந்தப் பணத்துக்கு நூல்கள் வாங்குவதா என்று கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. நூல்களை யாம் வேண்டாமென்போமா? ஆனால் அன்று மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் எழுந்து, "சோறும் மீனும் திங்கிற நமக்கு இந்த இரும்பெல்லாம் தாங்குமா தம்பிமாரே? அதெல்லாம் வெள்ளைக்காரனின் தேகத்துக்கு உண்டானது" என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. நெஞ்சார நம்பியே சொன்னார். அறுகம்பேக் கடற்கரையில் விடியற்காலம் கரைவலை இழுப்போரை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவரே அப்படிச் சொன்னதுதான் எமக்கு வியப்பு. அயலூர்களில் சீனடியும் சிலம்பமும் பழக்கிய முஸ்லிம் ஆசான்மாரும் இதே சோற்றை உண்டவர்களே. அவருக்கு அன்று சொல்லத் தெரியாமற் போன மறுமொழியை இங்கே சொல்ல முயல்கின்றோம். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கரையை மோதுகின்ற இதே வங்காள விரிகுடாவின் வடகரைக்குப் போனாற் போதும்.

வங்காளியும் நம்மைப்போலச் சோறும் மீனும் உண்பவன். உடல் மெலிந்தவன், கோழை, பெண்தன்மை உடையவன் என்றெல்லாம் வங்காளியை இகழ்ந்து மக்காலே பிரபு 1841இல் எழுதிய வரிகள் ஆங்கிலேயர் பள்ளிக்கூடங்களில் இலக்கியமாகப் படிக்கப்பட்டன. போர்க்குலம், போர்க்குலமல்லாதது என்று நாட்டு மக்களைப் பிரித்துப் படைக்கு ஆள் சேர்த்த அரசும் அதையே நம்பியது. இகழப்பட்டவர்களிற் பலரும் அதை நம்பத் தொடங்கியதே பெருங்கேடு. அந்த இகழ்ச்சியைத் துடைக்கவே வங்காளத்திலே தெருவுக்குத் தெரு தேகப்பயிற்சிக் களரிகள் தோன்றின. 1902இல் உருவான அநுசீலன் சமிதி, பின்னர் ஆங்கில ஆட்சியை நடுங்க வைத்த புரட்சிக் கூட்டமாயினும், கம்பு சுழற்றவும் தண்டால் எடுக்கவும் இளைஞர் கூடிய பயிற்சிக் களரியாகவே தொடங்கியது.

தெற்கிலும் இந்த எழுச்சி இல்லாமலில்லை. ஆந்திர நாட்டுக் கோடி இராமமூர்த்தி நாயுடு சென்னைச் சைதாப்பேட்டையில் தேகாப்பியாச ஆசிரியப் பயிற்சி பெற்று விஜயநகரத்தில் ஆசிரியராயிருந்தவர். பின்னர் சர்க்கஸ் நிறுவி, மார்பின்மேல் யானையை நிற்கவைத்தும் இரும்புச் சங்கிலியை அறுத்தும் கலியுக பீமன் என்று புகழ்பெற்று 1942இல் மறைந்தார். பெங்களூரில் கே. வி. ஐயர் வேறு வழி சென்றார். யானையும் சங்கிலியும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மேனாட்டுப் பாரப் பயிற்சியையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒன்று சேர்த்து, நூலெழுதி, தபால் மூலமும் பாடம் நடத்தினார். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் நோயுற்றபோது அவருக்குப் பயிற்சி அளித்தவரும் இவரே. கன்னடத்தில் நாவல் எழுதியவரும், நாடகக் குழு நடத்தியவரும் இதே ஐயர்தான். நூல்களா இரும்பா என்று வாதிட்ட எமது கூட்டத்தில் இவர் இருந்திருந்தால் இரண்டும் என்றே சொல்லியிருப்பார்.

கல்கத்தாவில் விஷ்ணு சரண் கோஷ் 1923இல் தம் தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். யோகி பரமஹம்ச யோகானந்தரின் இளைய சகோதரர் இவர். தமையனார் அமெரிக்கா சென்று தியானம் போதிக்க, தம்பியார் கல்கத்தாவில் ஆசனமும் பாரமும் பழக்கினார். ஆண்களுக்கு மட்டுமல்ல, மார்பின்மேல் யானையை நடக்கவிட்டு 1950களில் சர்க்கஸ் கூடாரங்களை அதிரவைத்த ரேபா ரட்சித் என்ற பெண்மணியும் அவருடைய மாணவியே. அவருடைய மாணவர் மனோதோஷ் ராய் 1951இல் இலண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் குள்ளமானோர் பிரிவில் முதலிடம் பெற்றார். ஆசியக் கண்டத்திலிருந்து அப்படி ஒரு வெற்றி அதற்கு முன் வந்ததில்லை.

அதே ஆண்டு அதே மேடையில் இரண்டாவதாக வந்தவர் மனோகர் ஆய்ச். இவரைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத விரும்புகின்றோம்.

1912இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள குமில்லா மாவட்டத்தின் தாம்தி என்னும் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பன்னிரண்டாவது வயதில் கறுப்புக் காய்ச்சல் கண்டு உடல் உருக்குலைந்தது. பிழைத்தெழுந்த சிறுவன் தண்டால், பஸ்கி முதலிய நாட்டுப் பயிற்சிகளால் உடலை மீட்டெடுத்தான். வளர்ந்து நின்றபோதும் உயரம் நாலடி பதினொரு அங்குலந்தான்! மாயவித்தைக்காரர் பி. சி. சர்க்கார் காட்சி நடத்தும் மேடைகளில், ஈட்டி முனையைக் கழுத்திலே வைத்து வளைத்தும், தடித்த புத்தகங்களை இரண்டாகக் கிழித்தும் அவர் சிறிது பணம் தேடினார்.

1942இல் ஆங்கிலேயரின் ஆகாயப் படையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே றியூப் மாட்டின் என்ற ஆங்கிலேயர் இவருடைய ஊக்கத்தைக் கண்டு, பாரங்களைக் கொண்டு முறையாகப் பயிற்சி செய்யும் வழியைக் காட்டினார். அவரும் ஆங்கிலேயர், பின்னர் வந்தவரும் ஆங்கிலேயர் என்பதை மறக்கலாகாது. ஒருநாள் அந்நிய ஆட்சியைப் பற்றி எழுந்த வாக்குவாதத்தில், ஆய்ச் ஆங்கில அதிகாரி ஒருவரின் கன்னத்தில் அறைந்துவிட்டார். இராணுவ விசாரணை நடந்தது, சிறை கிடைத்தது.

சிறையில் கம்பி ஏது, தட்டு ஏது? அவருடைய உடல்தான் அவருக்குப் பாரம். தரையும் சுவரும் அவருடைய கருவிகள். நாளொன்றில் பன்னிரண்டு மணி நேரம்வரை பயின்றதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த உழைப்பைக் கண்ட சிறை அதிகாரிகள் அவருக்குத் தனியாக உணவு கொடுக்க ஏற்பாடு செய்தனர். உலகப் பட்டம் ஒன்றை வெல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உண்டானது.

1947இல் சுதந்திரத்தோடு விடுதலை வந்தது. வறுமை மாத்திரம் விடவில்லை. சீல்டா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றும் வயிறு கழுவினார் என்பர். 1951இல் இலண்டன் சென்று இரண்டாமிடம் பெற்றபின் ஊர் திரும்பாமல், அங்கே பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலைக்கமர்ந்து, வேலை நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் பயின்றார். அடுத்த ஆண்டு, 1952இல், தம் பிரிவின் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு நாற்பது வயது. சட்டைப்பைக்குள் அடங்கும் ஹெர்குலிஸ் என்று மேனாட்டார் அவரை அழைத்தனர்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமற் போவது சரியன்று. ராயும் ஆய்ச்சும் உலக அழகர்கள் எல்லோரையும் வென்றுவிட்டார்கள் என்று நம் பத்திரிகைகள் பல எழுதியுள்ளன. போட்டி உயரத்தின்படி பிரிக்கப்பட்டது. இவர்கள் வென்றது குள்ளமானோர் பிரிவில். 1951இல் ஒட்டுமொத்த முதல்வர் இங்கிலாந்தின் ரெஜ் பார்க். 1952இல் தொழிலுக்காக அன்றி விளையாட்டாகப் பயின்றோருள் முதல்வர் எகிப்தின் முகம்மது நஸர். இதைச் சொன்னால் இவ்விருவரின் கீர்த்தி குறைந்துவிடுமா? எமக்கு அப்படித் தோன்றவில்லை. நாலடி பதினொரு அங்குலத்தானை ஆறடியானோடு நிறுத்தி அளப்பது நியாயமல்ல என்று அறிந்தவர்கள் வகுத்த பிரிவு அது. வீண்புகழ்ச்சியை நாம் சேர்த்துக் கட்டினால்தான் மற்றவர்கள் அதைப் பிரித்துப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பெரியவர் சொன்ன சோற்றுக்கு வருவோம். ஆய்ச் உண்டது சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால். இளமையில் பெரும்பாலும் பழஞ்சோறு! இரவு நீரூற்றி வைத்த சோற்றை நாளுக்கு நாலுமுறை உண்டதாகப் பேட்டிகளிற் சொல்லியிருக்கிறார். புகையும் மதுவும் தொட்டதில்லை. இன்று போத்தல் போத்தலாகப் புரதமா வாங்கி, மூன்று மாதத்தில் முண்டா திரளவில்லையே என்று முகம் வாடும் நம் தம்பிமாருக்கு இது சற்று மனவருத்தமான செய்திதான்.

ஆய்ச் சிறையிருந்த அதே காலத்தில் பசிபிக் மாகடலுக்கு அப்பால் இன்னுமொரு கதை நடந்தது. 1942இல் அமெரிக்க அரசு, தன் நாட்டில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் ஏறக்குறைய 120,000 பேரை ஒரு குற்றமும் செய்யாமலே முகாம்களில் அடைத்தது. கலிபோர்னியாவின் டூலே லேக் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட டொமி கோனோ அப்போது ஈளை நோயால் வாடிய மெலிந்த சிறுவன். பாலைநிலக் காற்று நோயைத் தணித்தது. முகாமில் அயலவர்கள் பாரம் தூக்கப் பழக்கினார்கள். தன்னை அடைத்துவைத்த அதே நாட்டின் கொடியின் கீழ் 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்பேணிலும் ஒலிம்பிக் தங்கமும், 1960 றோமில் வெள்ளியும் பெற்றார். வேறொரு சம்மேளனம் நடத்திய மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியிலும் 1955, 1957, 1961 ஆகிய ஆண்டுகளில் வென்றார். பளுதூக்கலிலும் உடற்கட்டிலும் ஒருங்கே உலக முதன்மை பெற்றவர் மிகச் சிலர். அவர்களுள் கோனோ தலையாயவர் என்பது எமது துணிபு.

இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். பளுதூக்கலில் நடுவர் பார்ப்பது தூக்கப்பட்ட பாரத்தை. உடற்கட்டுப் போட்டியில் பார்ப்பது தூக்கித் தூக்கி உண்டான தேகத்தை. அந்நாளில் பளுதூக்கலில் மூன்று வகை இருந்தன: தோளிலிருந்து கையின் பலத்தால் மட்டும் மேலே உயர்த்தும் பிரஸ், நிலத்திலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச், தோள்வரை ஏற்றி நிறுத்திப் பின் உந்தி உயர்த்தும் கிளீன் அண்ட் ஜேர்க். பிரஸில் முதுகை எவ்வளவு வளைக்கலாம் என்பதில் நடுவர்களுக்குள் ஓயாத தகராறு. 1972 மியூனிச் ஒலிம்பிக்கின் பின் அதை எடுத்தேவிட்டனர். 1960 றோமில் சிங்கப்பூரின் டான் ஹோ லியாங் மூன்று வகையிலும் மொத்தம் 380 கிலோ தூக்கி, இலகு எடைப் பிரிவில் வெள்ளி வென்றார். அவருடைய நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தமிழ்நாட்டு ஏகாம்பரம் கருணாகரன் 1978இல் எட்மன்டன் பொதுநலவாய விளையாட்டு விழாவிலும், இலங்கையின் சிந்தன விதானகே 2006இல் மெல்பேணிலும் தங்கம் பெற்றது பின்னாளைய வரலாறு.

திரைப்படமும் இந்தத் தோள்களைத் தேடி வந்தது. இந்தியாவுக்காக 1951 டில்லி ஆசிய விளையாட்டு விழாவில் பாரம் தூக்கிய தண்டமூடி ராஜகோபால், 1963இல் வெளிவந்த நர்த்தனசாலா என்னும் தெலுங்குப் படத்தில் வீமனாகத் தோன்றினார். கோயம்புத்தூரில் 1915இல் பிறந்த மருதூர் மருதாசலமூர்த்தி ஐயாவு சின்னப்பா தேவரையோ நம்மவர் எல்லோரும் அறிவர். ஆலைத் தொழிலாளியாகவும் பால் வியாபாரியாகவும் இருந்து, வீரமாருதி தேகப்பயிற்சிசாலை நடத்தி, எம். ஜி. ஆரோடு ராஜகுமாரியில் மோதி, 1956இல் தாய்க்குப்பின் தாரம் எடுத்தவர். படமுதலாளி ஆனபின்னும் பெயருக்கு முன்னாலிருந்த சாண்டோவை அவர் கழற்றி வைக்கவில்லை. மருதமலை முருகனுக்கு அவர் செய்த திருப்பணிகளை இன்றும் அங்கே காணலாம்.

மனோகர் ஆய்ச்சுக்கு அத்தகைய செல்வம் சேரவில்லை. பட்டம் வென்று திரும்பியபின்னும் சர்க்கஸ் காட்சிகளிலேயே பிழைத்தார். பின்னர் கல்கத்தாவில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்து பிள்ளைகளைப் பழக்கினார். தொண்ணூறு வயதை நெருங்கியபோதும் மேடையில் ஏறித் தசையை இறுக்கிக் காட்டினார். மனோதோஷ் ராய் 2005இல் காலமானார். டொமி கோனோ 2016 ஏப்ரல் 24ஆந் தேதி மறைந்தார். அதற்கு ஆறு வாரங்களின் பின், ஜூன் 5ஆந் தேதி, மனோகர் ஆய்ச் கல்கத்தாவில் கண்மூடினார். கறுப்புக் காய்ச்சலில் தப்பாது என்று அஞ்சிய அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது நூற்றிநாலு.