பால் இறக்குற ஊசியும் ஆட்டிசமும்: ஒரு ஹார்மோனின் கதை

இன்னைக்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வரலாற்றைப் பார்க்கப் போறோம். எங்க உத்திரமேரூர் பக்கம் மாடு வெச்சிருக்கிறவங்ககிட்ட "பால் இறக்குற ஊசி"ன்னு சொன்னா போதும், புரிஞ்சுக்குவாங்க. பிரசவ வார்டுல வலி வர டிரிப்ஸ்ல ஏத்துறதும் இதைத்தான். இதுக்கும், கூப்பிட்டா திரும்பிப் பார்க்காத ஒரு குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் செக்ரட்டின் என்ற குடல் சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். 1905-இல் இந்த வகைப் பொருள்களுக்கு ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே ஹென்றி டேல், பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் என்று எழுதினார். அதுதான் ஆக்சிடோசின். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1955-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆட்டிசத்தின் கதை தனியா ஓடிக்கிட்டிருந்தது. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இது பிறவியிலேயே வருவது என்றுதான் கட்டுரையை முடித்தார். ஆனா, இந்தப் பெற்றோர்கள்ல பாசமானவங்க குறைவுன்னும் அதிலேயே குறிச்சிருந்தார். உலகம் பிடிச்சுக்கிட்டது அதைத்தான். 'ஃபிரிட்ஜ் அம்மாக்கள்' என்ற பட்டம் வந்தது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைமின் புத்தகம் அந்தப் பழியை இன்னும் பரப்பியது.

பழி தளர்ந்தது இரட்டையர்களால். 1977-இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 ஜோடிகளைப் பற்றி எழுதினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளுக்கு இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக வளர்ந்த 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதாவது, மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை நம்ம ஊர்க் கல்வெட்டை வெச்சே சொல்லலாம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலையில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கருவும் அப்படித்தான். எந்த ஓலை வரணும்னு அம்மாவும் தீர்மானிக்கிறதில்ல, அப்பாவும் தீர்மானிக்கிறதில்ல. ஒரே வித்தியாசம், ஆட்டிசத்தில் ஒரு ஓலை மட்டும் முடிவு செய்வதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்கின்றன.

அதில் ஒன்றுதான் ஆக்சிடோசின் ஏற்பி மரபணு. ஹார்மோன் சாவின்னா ஏற்பி பூட்டு. அந்தப் பூட்டைச் செய்யும் குறிப்பு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பில் இந்த ஹார்மோனுக்குப் பங்கு இருப்பதால் ஆய்வாளர்கள் அங்கே தேடினார்கள். 2005-இல் சீனக் குடும்பங்களில் ஒரு தொடர்பு தெரிந்தது. மற்ற நாடுகளில் தேடியபோது முடிவுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. தொடர்பு இருந்தாலும் சின்னதுதான்.

சரி, அப்போ ஹார்மோனையே கொடுத்தா? இதுக்கு முன்னாடியே ஒருமுறை அப்படி நடந்தது. 1998-இல், செக்ரட்டின் கொடுத்த மூன்று குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்ததாக ஒரு அறிக்கை வந்தது. பெற்றோர்கள் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். 1999-இல் 60 குழந்தைகளை வைத்து முறையாகச் சோதித்தபோது, வெறும் உப்புநீர் ஊசியைவிட அது எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. ஆக்சிடோசினுக்கும் அதே கதி. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக 290 குழந்தைகளிடம் 24 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. மருந்து அடித்தவர்களுக்கும் அடிக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த வரலாறு அம்மாக்கள் மேல இருந்த பழியை எடுத்தது. மருந்தை இன்னும் தரல. இந்த ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கணும்னு நான் நினைக்கிறேன். "கிரகணத்துல வெளிய போனே, அதான்"னு மருமகளைச் சொல்ற வீடு இன்னும் இருக்கு. "ஒரு ஹார்மோன் ஊசி போட்டா பேசிடுவான்"னு யாராவது சொன்னா, எத்தனை குழந்தைகளிடம் சோதிச்சாங்க, எதோட ஒப்பிட்டாங்கன்னு கேளுங்க.

பலன் தருவது சீக்கிரம் தொடங்கும் பயிற்சி. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வரும். அவங்ககிட்ட குழந்தையைக் காட்டுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கு. அடையாள அட்டை கேட்டு வாங்குங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.