பைதனா, ஜாவாவா?

எங்கள் ஊர் வாசிகசாலைக்கு மென்பொருள் செய்து தருகிறோம் என்று ஏ.எல். முடித்த தம்பிமார் மூன்று பேர் கிளம்பி மூன்று வாரம். இன்னும் ஒரு வரி எழுதப்படவில்லை. பைதனா, ஜாவாவா என்ற சண்டையே முடியவில்லை. அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ப்சன், பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸ் பணிசெயல் முறைமையை எழுதத் தொடங்கினார். எழுதியது அசெம்ப்ளி மொழியில். அது அந்த ஒரு வகைக் கணினிக்கு மட்டுமே விளங்கும். பிறகு பிடிபி-11 வந்தது. மறுபடியும் அசெம்ப்ளியில் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

இடையில் தொம்ப்சன் போர்ட்ரான் மொழியைக் கொண்டுவரப் பார்த்து, கடைசியில் 'பி' என்று தானே ஒரு சிறு மொழியைச் செய்துகொண்டார். புதிய கணினிக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. கூட வேலை செய்த டெனிஸ் ரிட்சி அதைத் திருத்தித் திருத்தி 'சி' ஆக்கினார்.

1972இல் யூனிக்ஸை சி மொழிக்கு மாற்ற தொம்ப்சன் முயன்றார். சரிவரவில்லை, கைவிட்டார். (ஆம், அவரும்தான்!) ஒரு பொருளைப் பற்றிய பலவகைத் தகவல்களை ஒரே கட்டாகக் கட்டி வைக்க அப்போது அந்த மொழியில் வழியில்லை. 'ஸ்ட்ரக்ட்' என்ற அந்த வசதியை ரிட்சி சேர்த்த பிறகு, 1973இல் வேலை முடிந்தது.

சும்மா கிடைத்த வெற்றியல்ல. புதிய யூனிக்ஸ் பழையதை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது என்று அவர்களே 1974இல் எழுதினார்கள். நினைவகம் பொன்னாக இருந்த காலம் அது! ஆனால் மற்றவர்கள் வாசித்துத் திருத்தக்கூடியதாக ஆனது. 1977இல் அவுஸ்திரேலியாவின் வொலன்கொங் பல்கலைக்கழகத்தில் அதை முற்றிலும் வேறான ஒரு கணினிக்குக் கொண்டுபோனார்கள். இன்று நம் கையிலுள்ள அன்ட்ரொய்ட் போனின் அடியிலிருக்கும் லினக்ஸும் பெரும்பாலும் சி மொழிதான்.

வாசிகசாலையில் முன்பும் ஒரு மென்பொருள் இருந்தது, தம்பிமாரே. எழுதிய சகோதரர் கட்டாருக்குப் போனார். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. பழையபடி கொப்பிக்கே திரும்பினோம். நீங்கள் மூவரும் கம்பஸ் போனபின் உங்களுடையதைத் திருத்தப் போவது யார், அவருக்கு எந்த மொழி தெரியும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாசிகசாலைக்கு வாருங்கள், அதை மட்டும் பேசுவோம்.